கஷ்ட காலத்தில் சபை தொடங்குகிறவர்களுக்கு: மதுரைப் பக்கத்திலிருந்து

எங்கள் சபை ஒரு புதன்கிழமை ராத்திரி தொடங்கியது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலைக்கு அப்புறம் தமிழ்நாட்டில் சில வாரங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்கள் மூடியிருந்தன. விளாங்குடிப் பக்கம் நாங்கள் நாலு குடும்பம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் தள்ளித்தள்ளிப் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபித்தோம். அதில் ஒரு வீட்டில் சாவு நடந்திருந்தது. இன்னொரு வீட்டில் தவணை கட்ட முடியாமல் ஆட்டோவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றைக்கு யாரும் 'சபை' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆலயங்கள் திறந்த பிறகும் அந்தப் புதன்கிழமை நிற்கவில்லை, பாய்கள்தான் கூடின.

இப்போது ஊழியத்துக்கு வரும் தம்பிகளும் தங்கைகளும் வந்து, "பாஸ்டர், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலை போன நேரம், மழை பொய்த்த வருஷம், நோய், ஊருக்குள் பகை என்று எந்தக் கஷ்டமானாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நொந்துபோயிருக்கிற வீட்டில் கதவு சீக்கிரம் திறக்கும். யார் வந்து ஆறுதல் சொன்னாலும் கேட்பார்கள். அந்த நிலைமையை நாம் நமக்கு வசதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு பயத்திலிருந்து வருவதுதான்.

முதலில் யாரைப் போய்ப் பார்ப்பது

மதுரையில் நீங்கள் முதல் ஆள் இல்லை. 1606-ல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தார். 1834-ல் அமெரிக்க மிஷன் வந்தது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது அந்த மிஷன் வளர்த்த சபைகள் அதற்குள் வந்தன. அரசரடியில் இறையியல் கல்லூரி இருக்கிறது, கீழவெளி வீதியில் மரியன்னை பேராலயம் இருக்கிறது, ஏரியாவுக்கு ஏரியா பெந்தெகொஸ்தே சபைகள் இருக்கின்றன. ஆகவே தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் சும்மா போய் உட்காருங்கள். உங்கள் பகுதியில் இருக்கிற சி.எஸ்.ஐ. ஆயர், கத்தோலிக்கப் பங்குத்தந்தை, மற்ற பாஸ்டர்கள் எல்லாரையும் நேரில் பார்த்து, "ஐயா, இன்ன தெருவில் ஜெபக்கூட்டம் வைக்கப்போகிறேன், உங்கள் ஆட்களை இழுக்க வரவில்லை. யாராவது வந்தால் உங்களுக்குத் தகவல் சொல்வேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும். நான் இதைத் தாமதமாகச் செய்தேன். அதனால் பக்கத்துத் தெருப் பாஸ்டர் ஒருவர் இரண்டு வருஷம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது.

அப்படிப் போய் வரும்போதே இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். நடந்து போகிற தூரத்தில் நல்ல சபை ஒன்று இருந்து, அது இந்தக் குடும்பங்களை ஏற்றுக்கொள்ளுமானால், புதிதாக ஒன்று எதற்கு? அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் கடைசி பஸ் போய்விட்டால் திரும்ப முடியாத ஊர்கள் இருக்கின்றன. ஞாயிறு காலையில் வேலைக்குப் போயே ஆக வேண்டிய ஜனங்கள் இருக்கிறார்கள். புதுச் சபைக்குத் தேவை அந்த மாதிரி இடங்களில் இருக்கிறது.

உங்கள் வீட்டுச் சாப்பாடு

வேலையை விடாதீர்கள். குறைந்தது மூன்று வருஷம். நான் இன்றைக்கும் காலையில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். கஷ்ட காலத்தில் கூடுகிற சபையால் பாஸ்டருக்குச் சம்பளம் தர முடியாது. தரச் சொல்லி மறைமுகமாகப் பிரசங்கம் செய்யத் தொடங்கினால், ஏற்கெனவே கடனில் இருக்கிறவர் இன்னும் கடன் வாங்கிக் காணிக்கை போடுவார். மைக், கீபோர்டு, நாற்காலி எதற்கும் வட்டிக்கு வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் கணவனோ மனைவியோ முழு மனதாகச் சரி என்று சொல்லும்வரை ஒரு பாய்கூட விரிக்காதீர்கள்.

இடமும் நேரமும்

விசுவாசி ஒருவருடைய வீடுதான் நல்ல தொடக்கம். பவுல் எழுதிய நிருபங்களிலேயே பிரிஸ்கில்லா ஆக்கில்லா வீட்டில் கூடிய சபைக்கு வாழ்த்து வருகிறது. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள். அவருக்கு நாளைக்கு யாராவது நெருக்கடி கொடுத்தால், அவரும் என்ன சொல்லி ஒத்துக்கொண்டோம் என்று காட்ட வேண்டுமே.

அப்புறம் அக்கம்பக்கம். கூட்டம் தொடங்குவதற்கு முந்தின வாரம் இரண்டு பக்கமும் எதிரிலும் இருக்கிற ஆறேழு வீட்டுக்காவது போங்கள். நான் போனபோது எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர், "என்னமும் கும்பிட்டுக்கப்பா, மைக்கு மட்டும் வேணாம், பேரன் பத்தாவது படிக்கிறான்" என்றார். அன்றைக்கே மைக்கைக் கைவிட்டோம், இன்றுவரை எடுக்கவில்லை. இருபது பேர் உட்காரும் அறைக்கு மைக் எதற்கு? சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. ராத்திரி 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே 55 டெசிபல்தான் அளவு, ஒலிபெருக்கி வைக்கப் போலீஸ் அனுமதி வேண்டும். ஆனால் பாட்டியின் பேரன் படிக்கிறான் என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. வண்டி நிறுத்துவதையும் பாருங்கள். அடுத்தவர் வாசலை மறித்து நிற்கிற இரண்டு டூவீலர், ஒரு வருஷ நல்ல பெயரைக் கெடுத்துவிடும்.

நேரத்தை ஜனங்களிடம் கேட்டு வையுங்கள். மல்லிகை பறிக்கிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார்கள். பூ மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் காசு. முகூர்த்த நாட்களில் இன்னும் நெருக்கடி. அவர்களிடம் ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனை என்று சொன்னால் வர மாட்டார்கள், வராததற்குக் குற்றவுணர்ச்சியும் படுவார்கள். செல்லூரில் தறி ஓட்டுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், இரவுக் காவல் பார்க்கிறவர்கள் என்று ஒவ்வொருவர் ஓய்வும் ஒவ்வொரு நேரத்தில் வருகிறது. எங்களுக்குப் புதன் ராத்திரி ஏழரை சரியாக அமைந்தது.

சித்திரைத் திருவிழா நாட்களில் சிறப்புக் கூட்டம் எதுவும் வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊரே வைகைக் கரையில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் நீர்மோர்ப் பந்தலில் நிற்பார். அந்தக் கூட்டத்துக்குள் போய்க் கைப்பிரதி கொடுப்பது ஊழியம் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். அன்றைக்கு அவர்களுடைய நாள்.

ஒரு மணி நேரம்

மூன்று பாட்டு, வேத வாசிப்பு, பதினைந்து நிமிஷத்துக்கு மேற்படாத செய்தி, மீதி நேரம் வந்தவர்கள் பேசுவதற்கு. கடைசியில் ஜெபம். எல்லாருக்கும் தெரிந்த கீர்த்தனைகளையே பாடுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்துகொள்வார்கள். முதல் மாதங்களில் நான் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். கணவரை இழந்த அக்கா ஒருவர் நாலு வாரம் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது வாரம் தொண்டை கட்டியிருந்ததால் நான் சீக்கிரம் முடித்தேன். அன்றைக்கு அவர் பேச ஆரம்பித்து, பேசிக்கொண்டே இருந்தார். அதிலிருந்து செய்தியைச் சுருக்கிக்கொண்டேன்.

வியாதிக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன், கர்த்தர் கேட்கிறார் என்றும் நம்புகிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்தப் பாஸ்டருக்கும் கிடையாது. சர்க்கரைக்கும் வலிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் ஜெபத்துக்குப் பின் நிறுத்திவிட்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெபித்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடியுங்கள், சீட்டு வாங்கும் வரிசையில் கூட நில்லுங்கள். உயிரை விடும் எண்ணத்தோடு யாராவது பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். 104 எண்ணில் அரசின் ஆலோசனை கிடைக்கும்.

அரிசி மூட்டை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1876-லிருந்து 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்மாவட்டங்கள் செத்துப் பிழைத்தன. மிஷனரிகள் கஞ்சி ஊற்றினார்கள், அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தார்கள். அவர்களில் பலருடைய விசுவாசம் தலைமுறை தாண்டி நிற்கிறது. ஆனாலும் 'சோற்றுக்காக வந்தவர்கள்' என்ற சொல் அந்தக் குடும்பங்களை விட்டு லேசில் போகவில்லை. பசித்தவனுக்குப் போட்ட சோற்றை வைத்து அவன் பேரப்பிள்ளையை அவமானப்படுத்துகிற நிலைமையை நாம் மறுபடி உண்டாக்கக் கூடாது.

நாங்கள் செய்வது இது. உதவி கொடுப்பது ஆராதனை நாளில் இல்லை, ஆராதனை நடக்கும் வீட்டிலும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம், தெருவில் இருக்கிற ஒரு மளிகைக் கடையில் நாங்கள் முன்பணம் கட்டியிருப்போம், பட்டியலில் உள்ளவர்கள் போய்ப் பொருள் வாங்கிக்கொள்வார்கள். பட்டியலை நான் எழுதுவதில்லை. சபையைச் சேராத ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரும் எங்கள் மூப்பர் ஒருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். தெருவில் யாருக்குத் தேவை என்பது மட்டும்தான் கணக்கு. அதனால் பட்டியலில் பாதிப்பேர் எங்கள் கூட்டத்துக்கு வந்ததே கிடையாது. பைக்குள் கைப்பிரதி இருக்காது. போட்டோ எடுப்பதில்லை. நன்கொடை கொடுத்த ஒருவர் போட்டோ கேட்டார், தர முடியாது என்றோம், அவர் அடுத்த மாதம் பணம் அனுப்பவில்லை. பரவாயில்லை.

அரிசியைவிட அதிகம் உதவியது மனு எழுதுவது. முதியோர் உதவித்தொகை, ஆதரவற்ற விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று கஷ்ட காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காகிதம் தேங்கிக் கிடக்கும். சபையில் படித்த பிள்ளைகள் இரண்டு பேரை இ-சேவை மையத்துக்குக் கூடப் போகிறவர்களாகப் பழக்குங்கள். ஒரு தடவை அரிசி கொடுத்தால் ஒரு வாரம். உதவித்தொகைக்கு ஆணை வந்துவிட்டால் அந்தப் பாட்டி யாரிடமும் கை நீட்ட வேண்டாம், உங்களிடமும்தான்.

காணிக்கையும் கணக்கும்

பத்து ரூபாய் வந்தாலும் இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். அந்த இரண்டு பேரில் நீங்களோ உங்கள் வீட்டாரோ இருக்கக் கூடாது. மாதக் கடைசியில் வரவு செலவை எல்லார் முன்னாலும் வாசியுங்கள். உங்கள் சொந்த ஜிபே எண்ணைச் சுவரில் ஒட்டாதீர்கள். தொடக்கத்தில் நான் ஒட்டியிருந்தேன். தவறாக ஒரு ரூபாய் எடுக்கவில்லை, ஆனால் எது என் பணம் எது சபைப் பணம் என்று வருஷக் கடைசியில் பிரிக்க மூன்று நாள் ஆனது. சந்தேகப்பட்டுக் கேட்டவர்களுக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

சபை ஓரளவு நிலைத்ததும் பதிவு செய்யுங்கள். இரண்டு வழி. அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். சங்கம் என்றால் 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருஷா வருஷம் மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் கொடுக்க வேண்டும். அறக்கட்டளை எளிது என்று பலர் அதற்குப் போகிறார்கள். அறங்காவலர் எல்லாரும் பாஸ்டர் வீட்டு ஆட்களாகப் போய்விடுகிற ஆபத்து அதில் இருக்கிறது. ஆகவே எனக்குச் சங்கம்தான் பிடிக்கும். தேர்தல் இருக்கிறது, கேள்வி கேட்க இடம் இருக்கிறது. எதுவானாலும் அதன் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு எடுங்கள். பின்னால் இடம் வாங்கினால் அதன் பெயரிலேயே வாங்குங்கள். பாஸ்டர் பெயரில் இடம் வாங்கிவிட்டு, அவர் போன பிறகு பிள்ளைகளும் சபையாரும் கோர்ட்டில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பணத்தில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற 2010-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு பொதுவாக மூன்று வருஷமாவது இயங்கியிருக்க வேண்டும், கடந்த மூன்று வருஷத்தில் 15 லட்ச ரூபாய் பணிக்காகச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். துபாயில் வேலை பார்க்கிற, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற உங்கள் மச்சான் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் வரும். சொந்தக்காரர்தானே என்று உங்கள் கணக்கில் வாங்கிச் சபைக்குச் செலவழிக்காதீர்கள்.

ஞானஸ்நானம், கல்யாணம்

அவசரப்படுத்தாதீர்கள். ஒரு துக்கம் நடந்து மூன்று மாதத்துக்குள் யாராவது ஞானஸ்நானம் கேட்டால், ஒரு வருஷம் எங்களோடு இருங்கள் என்று சொல்கிறோம். வீட்டாருக்குத் தெரியாமல் கொடுப்பதில்லை. பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பேச்சே இல்லை.

பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் வந்தால் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதி நிலை கிடையாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளையின் படிப்பு, வேலை எல்லாவற்றையும் தொடுகிற விஷயம் இது. இதை மறைத்துவிட்டு ஞானஸ்நானம் கொடுப்பதும், கொடுத்துவிட்டுச் சான்றிதழில் பழையபடியே இருந்துகொள் என்று சொல்வதும் இரண்டுமே பாவம் என்று நான் நினைக்கிறேன். இந்தச் சட்டம் அநியாயம் என்று கருதுகிறவன் நான். அதற்காக, வருகிறவரிடம் விவரத்தை மறைக்க எனக்கு உரிமை வந்துவிடாது.

கல்யாணம் நடத்த, 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால் உரிமம் உள்ள ஒரு போதகரைக் கூப்பிடுங்கள், நீங்கள் ஜெபம் செய்யுங்கள். கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யவும் சொல்லுங்கள்.

தடுக்க வந்தால்

ஒருநாள் வரலாம். அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கு உட்பட்டு, மதத்தைக் கடைப்பிடிக்கவும் எடுத்துச் சொல்லவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் 2002-ல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே திரும்பப் பெறப்பட்டது. இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது சட்டப்பிரிவு எண் யாரையும் சாந்தப்படுத்தாது. பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் உள்ளே அனுப்புங்கள். உங்களில் ஒருவர் மட்டும் பேசட்டும், வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது. கூட்டத்தை அன்றைக்கு முடித்துக்கொள்ளச் சொன்னால் முடித்துக்கொள்ளுங்கள். அடி விழுந்தாலோ பொருள் உடைந்தாலோ, மிரட்டினாலோ, அன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தெரிந்த வக்கீல் ஒருவருடைய எண்ணை எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.

எங்களிடம் ஒரு தடவை வந்தார்கள். அன்றைக்குக் குறுக்கே வந்து நின்றது மைக் வேண்டாம் என்ற அந்தப் பாட்டிதான். "இவுக சத்தமே போடுறதில்லையேய்யா" என்றார். அவர் மீனாட்சியம்மனைக் கும்பிடுகிறவர். இதைச் சொல்வதற்குக் காரணம், மற்றவர் கும்பிடும் தெய்வத்தைப் பற்றி உங்கள் பிரசங்கத்தில் ஒரு கேவலமான வார்த்தைகூட வரக் கூடாது. சுவருக்கு அந்தப்பக்கம் அது கேட்கும்.

பிள்ளைகள்

ஞாயிறு பள்ளி நடத்துங்கள். கதவு திறந்திருக்கட்டும், இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்கட்டும், யாரும் ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. தப்பு நடந்ததாகத் தெரிந்தால் சபைக்குள் பேசி முடிக்கிற வேலை கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீசுக்கோ சொல்லியாக வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தில் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

கட்டடம்

வீட்டில் நாலு பேர் ஜெபிப்பது வேறு, வாரா வாரம் பலர் கூடுகிற ஆராதனை இடமாக ஒரு கட்டடத்தை மாற்றுவது வேறு. வழிபாட்டுக்கென்று இடத்தைப் பயன்படுத்தவும் கட்டவும் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டின் கட்டட விதிகள் சொல்கின்றன. பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். 'முதலில் வீடு என்று பிளான் வாங்கிக் கட்டிவிடுவோம், அப்புறம் சிலுவை வைத்துக்கொள்வோம்' என்று யோசனை சொல்கிறவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். சீல் வைக்கப்படும்போது தெருவில் நிற்பது கடன் வாங்கிக் காசு கொடுத்த ஜனங்கள்.

பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபடம், அமைப்பின் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். வருவாய்த்துறையும் போலீசும் விசாரிக்க வருவார்கள், பக்கத்து வீடுகளில் கேட்பார்கள். முதல் வாரம் நீங்கள் போய்ப் பார்த்த அந்த ஆறேழு வீடுகள்தான் அப்போது பேசும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒத்தக்கடையில் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது, ரிட் மனு போட அந்தக் காகிதம் வேண்டும். நாங்கள் இன்னும் கட்டவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தை மாதத்தில் இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கிறோம், மற்ற வாரம் வீடுகளில் கூடுகிறோம்.

கல்லறை

புதியவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. எங்களில் முதல் சாவு ஒரு தை மாதம் விடியற்காலையில் நடந்தது. பழைய சபைகளின் கல்லறைத் தோட்டங்கள் அவரவர் சபையாருக்கு. ஊர்ச் சுடுகாட்டில் புதைக்கச் சொந்தக்காரர்கள் ஒரு பக்கம் ஒப்பவில்லை, ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் ஒப்பவில்லை. அந்த அண்ணன் சாயங்காலம்வரை வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியில் கிடந்தார். கடைசியில் நான் முதல் மாதமே போய்ப் பார்த்திருக்க வேண்டிய அந்தப் பக்கத்துத் தெருப் பாஸ்டர், என்னோடு பேசாமல் இருந்தவர், தானே தன் சபைக் கமிட்டியிடம் கேட்டு இடம் வாங்கிக் கொடுத்தார். குழிக்குள் முதல் பிடி மண்ணைப் போட்டதும் அவர்தான்.

அதற்கப்புறம் ஒரு நோட்டுப் போட்டோம். சபையில் சேரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இரண்டு கேள்வி கேட்டு அதில் எழுதுகிறோம்: உங்கள் பெரியவர்களை எங்கே அடக்கம் செய்தீர்கள், உங்களுக்கு எங்கே வேண்டும்? வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டு, மூத்தவர் கையெழுத்தும் வாங்கி வைக்கிறோம். மாநகராட்சிப் பகுதியானால் எந்த மயானம், கிராமமானால் எந்தப் புறம்போக்கு, யாரிடம் சொல்ல வேண்டும், குழி வெட்டுகிறவர் போன் நம்பர் என்ன என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. நோட்டு என் வீட்டில் இல்லை. மூப்பர் வீட்டு அலமாரியில் இருக்கிறது, நடுராத்திரி கேட்டாலும் அவர் எடுத்துக் கொடுப்பார்.